தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம்

எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது. தண்ணீர் ஊற்றி முடித்தாகிவிட்டது, குழாயில் கிடந்த துண்டை இழுத்து உடம்பில் சுற்றிக்கொண்டாகிவிட்டது, இனி இந்தக் குட்டை ஸ்டூலை விட்டு எழுந்து தாழ்ப்பாளை நீக்கி வெளியே போக வேண்டியதுதான், நேற்று வரைக்கும் இதையெல்லாம் யோசித்தா செய்தேன்? கால் வரவில்லை. வலி இல்லை, மரத்துப் போகவும் இல்லை, கிள்ளினால் சுரீரென்கிறது, விரல்களை மடக்கச் சொன்னால் மடக்குகின்றன, எழும்பு என்றால் மட்டும் தொடை ஒரு தடவை நடுங்கிவிட்டு, வேறு யாரையோ சொன்னதுபோலச் சும்மா கிடக்கிறது. முதலில் சோப்பு வழுக்கு என்று நினைத்தேன். பாதத்துக்கு அடியில் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மறுபடியும் எழும்பினேன். ஸ்டூலுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை நுழையும் அளவு, அவ்வளவுதான், தொப்பென்று திரும்ப உட்கார்ந்துவிட்டேன். ஸ்டூல் கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் வெளியே கேட்டிருக்குமோ என்றுதான் முதலில் பயம் வந்தது, விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயம் அதற்குப் பிறகுதான். குழாயைப் பிடித்தேன், அது சுவருக்குள் ஆடியது, இன்னும் கொஞ்சம் இழுத்தால் கையோடு வந்துவிடும். வாளியை ஊன்றினேன், அது வழுக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டது. கதவு எதிரே இருக்கிறது. நைட்டி கதவுக் கொக்கியில் தொங்குகிறது, அதற்குச் சற்றுக் கீழே தாழ்ப்பாள். நிற்கிறவர்களுக்கு இதெல்லாம் கைக்கெட்டும் தூரம். தரையில் இறங்கித் தவழ்ந்து போகலாம், இறங்கிவிடலாம், அப்புறம்? ஸ்டூலிலிருந்தே எழும்பாதவள் தரையிலிருந்து எப்படி எழும்புவாள்? கூப்பிடலாம். ஒரு குரல் கொடுத்தால் அம்மா வந்துவிடுவாள், கதவை இடித்தாவது வந்துவிடுவாள். அதுதான் கூடாது. அம்மாவுக்குத் தொண்ணூற்றொன்று. எனக்கு அறுபத்தாறு. தொண்ணூற்றொன்று வந்து அறுபத்தாறைத் தூக்கிவிடுவதாவது.

வெளியே கேட் சத்தம். வந்துவிட்டாள் அந்தப் பெண். "வாம்மா, வா, வெயில்ல வாரியே," என்று அம்மா சொல்வது அப்படியே கேட்கிறது, குளியலறைக் கதவுக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான், பாளையங்கோட்டையில் அந்தக் காலத்தில் கட்டிய வீடு, சுவர் இருக்குமே தவிர ரகசியம் இருக்காது. "நான் நஸ்ரின், ஆச்சி. மேலப்பாளையம். போன வாரம் ஃபோன்ல பேசுனேம்லா, ஆராய்ச்சிக்கு." "ஞாபகம் இருக்கு. உக்காரு. மோர் குடிக்கியா?" ஃபோனை எடுத்தது நான். தொண்ணூறு தாண்டியும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம் ஆன்ட்டி, சபையில் உங்கள் அம்மாவைப் பற்றிச் சொன்னார்கள், உங்கள் ரத்தமும் வேண்டும், பிள்ளைகளுக்கும் அந்தத் திடம் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கை பலம், கால் பலம், எல்லாம் சின்னச் சின்னச் சோதனைதான், வலிக்காது. சரிம்மா, வா என்றேன். என் வாய்க்கு யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. வீட்டு டெலிபோன் மணி அடித்தாலே கை தானாகப் போகும், முப்பது வருஷத்துக்கு மேல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். வைத்த பிறகுதான் கால் பலம் என்று அவள் சொன்னது உறைத்தது. அதனால்தான் இன்றைக்கு இவள் வருகிற நேரம் பார்த்துக் குளிக்க வந்தேன். அதுதானே உண்மை? காலையிலேயே குளித்திருக்கலாம். இவள் வந்து, அம்மாவைச் சோதித்து, என்னை எதிர்பார்த்துப் பார்த்து, சரி இன்னொரு நாள் வருகிறேன் என்று போகும் வரைக்கும் உள்ளேயே இருந்துவிடலாம் என்று தாழ்ப்பாள் போட்டவள் நான். ஒளிந்துகொள்ள வந்த இடம் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது. சிரிப்பு வருகிறது. சிரித்தால் துண்டு நழுவுகிறது.

"எதுக்கும்மா இந்த ஆராய்ச்சி?" என்கிறாள் அம்மா. "வயசான பொறவு சில பேரு சீக்கிரம் தளந்து போறாங்க, சில பேரு உங்கள மாதிரி அசையாம இருக்காங்கள்லா ஆச்சி. அதுக்கு ஜீன் எவ்வளவு காரணம்னு பாக்கோம். ஜீன்னா, பெத்தவங்ககிட்ட இருந்து வாரது." "குடும்ப வாகுன்னு சொல்லு." "ஆமா, வாகுதான்!" அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம், எழுதிக்கொள்கிறாள் போலிருக்கிறது. அம்மா தன் வாகைச் சொல்ல ஆரம்பிக்கிறாள், எனக்கு மனப்பாடம், அம்மாவைப் பெற்றவள் சாகிற வருஷம் வரைக்கும் கிணற்றில் இறைத்துக் குளித்தது, பெரிய மாமா எண்பத்தெட்டில் சைக்கிள் மிதித்தது, யாரும் படுக்கையில் கிடந்து சாகவில்லை, உட்கார்ந்திருக்கும்போதே போனவர்கள். அந்தப் பெண் கேள்வி கேட்கிறாள். இந்த ஒரு வருஷத்தில் தானாக எடை குறைந்திருக்கிறதா? இல்லையே, என்கிறாள் அம்மா. குறைந்திருக்கிறது, என்கிறேன் நான், இங்கே, ஈரத்தில். ரவிக்கையெல்லாம் உள்ளே பிடித்துத் தைத்தேன், அம்மா சந்தைக்குப் போயிருந்தபோது. காலையில் எழுந்ததும் எதையும் செய்ய முடியாதுபோல அசதி வருமா? அசதியா, எனக்கா, என்று அம்மா சிரிக்கிறாள். வரும், நஸ்ரின், வருவதென்ன, அது போவதேயில்லை, பல் தேய்த்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தால் ஏதோ மலையேறி வந்ததுபோல நெஞ்சு அடிக்கும், அதை அம்மா பார்க்காமல் இருக்க பைபிளைத் திறந்து மடியில் வைத்துக்கொள்வேன். நடை? அம்மா மார்க்கெட் வரைக்கும் நடக்கிறாள், நான் கூடப் போனால் வாசலுக்கு வாசல் நின்று, இந்த வீட்டுச் செம்பருத்தி எவ்வளவு பூத்திருக்கு பாருங்கம்மா என்பேன், செம்பருத்தி பார்ப்பதற்கா நிற்கிறேன்? "இதைப் பிடிங்க ஆச்சி, முறுக்குப் பிழியிற மாதிரி, முடிஞ்ச மட்டும் அமுக்குங்க." அப்புறம் அந்தப் பெண்ணின் குரல் கீச்சென்று உயர்கிறது. "ஆச்சி! எங்க காலேஜ் பிள்ளைங்க சிலதுகூட இவ்வளவு அமுக்காது!" மடியில் கிடக்கிற என் கையைப் பார்க்கிறேன். ஊறுகாய்ப் போத்தல் திறக்க மறந்த கை. இரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு மத்தியானம் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, மூடி துருப்பிடித்திருக்கிறது என்று வைத்துவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் எடுத்து ஒரே திருகு. அன்றிலிருந்து எல்லாப் போத்தல்களும் அரைமூடியாகத்தான் இருக்கின்றன, அலமாரியில் எறும்பு வருகிறது, ஏன் இந்த வீட்டில் ஒரு மூடியும் இறுக மூடுவதில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதேயில்லை.

குளிர்கிறது. சித்திரை வெயிலில் எப்படிக் குளிரும், ஆனால் ஈரத் துண்டு முதுகில் ஒட்டிக்கொண்டு குளிர்கிறது, முழங்கால் இரண்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன, இது என் முழங்கால் இல்லை, அப்பாவுடையது. சப்பையான, பக்கவாட்டில் எலும்பு துருத்திய இந்த முழங்காலை நான் பார்த்திருக்கிறேன், வேட்டி விலகியபோது, பிரம்பு நாற்காலியில். அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தாறோ ஏழோ, தாலுகா ஆபீஸிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் எழும்ப மாட்டார், முதலில் சோம்பல் என்றோம், அப்புறம் குடிக்கிறாரோ என்றுகூட அம்மா வாயை மோந்து பார்த்தாள், டாக்டர்கள் எல்லாம் பார்த்துவிட்டு வியாதி ஒன்றுமில்லை, தளர்ச்சி, என்றார்கள், வியாதி இல்லை என்பதைச் சந்தோஷமான செய்திபோலச் சொன்னார்கள். ஒருநாள் என்னிடம் சொன்னார், "எந்திரிக்கணும்னுதான் நினைக்கேன் பிள்ள. சேதி கால்கிட்ட போய்ச் சேர மாட்டேங்கு." எனக்குப் புரிந்தது, லைன் கிடைக்காத ஊர்களுக்கு நான் தினமும் போட்டுக்கொண்டிருந்தேனே, மணி அங்கே அடிக்கிறதா இல்லையா என்றே தெரியாமல். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து வருவாள், தொப்பியைக் கழற்றுவாள், நேராக அப்பாவிடம் போவாள், இரண்டு அக்குளுக்குள்ளும் கை கொடுத்து, ஒன்று, ரெண்டு என்று சொல்லி ஒரே தூக்கு. வார்டில் எத்தனை பேரைத் தூக்கியவள். அவளுக்கு அதில் முகம் சுளிப்பு இல்லை, பாசமும் இல்லை, வேலை சுத்தமாக இருக்கும். அந்தத் தூக்கில் அப்பாவின் முகம் அம்மாவின் தோளுக்கு மேலாக வரும், அந்த இடத்தில்தான் நான் நின்றுகொண்டிருப்பேன். அந்த முகம். கல்யாணப் படத்தில் அம்மாவை விட ஒரு சாண் உயரமாக நின்ற மனுஷன், கண்ணை மூடிக்கொள்வார், மூடிக்கொண்டால் நானும் பார்க்க மாட்டேன் என்பதுபோல. அறுபதைத் தாண்டவில்லை. அவர் தங்கை ஜெயமணி அத்தையும் அப்படித்தான், மெலிந்து மெலிந்து, கடைசியில் ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியாமல். அம்மா பக்கத்தில் உட்கார்ந்த இடத்தில் உயிர் போகும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்த இடத்திலேயே உயிர் இருக்கும். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன்?

"பிள்ளைங்களுக்குப் பாதி அம்மாகிட்ட இருந்து, பாதி அப்பாகிட்ட இருந்துதான் வரும் ஆச்சி. எந்தப் பாதி வேணும்னு யாரும் கேட்டு வாங்க முடியாது." அவள் சொல்கிறாள், தேவாலயத்தில் வசனம் வாசிப்பதுபோல என் காதில் விழுகிறது. "ஜீன் மட்டும் இல்ல. சாப்பாடு, நடை, வேலை, மனசு, எல்லாம் சேந்துதான்." மனசுமா? இதையும் என் தலையில் கட்டிவிட்டாளே. அப்படியென்றால் இது எனக்கு வந்தது மட்டுமில்லை, நானாகவும் கொஞ்சம் செய்துகொண்டது. எங்கே செய்துகொண்டேன்? அப்பா இறந்த வருஷம் கிருபாகரன் என்னைக் கேட்டார். எக்ஸ்சேஞ்சில் ஜூனியர் இன்ஜினியர், கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்திருந்தது, கேன்டீனில் டீ ஆறிக்கொண்டிருக்க, "நீங்களும் மாற்றல் வாங்கிட்டு வந்துரலாம், வீட்ல வந்து பேசட்டுமா?" என்றார். அம்மாவைத் தனியா விட முடியாது என்றேன். அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து, ஆறு. என்ன நினைத்தேன்? அப்பாவைப் பார்த்துப் பார்த்து, ஐம்பதைத் தாண்டினால் மனுஷர் நாற்காலியில் விழுவார்கள் என்று நினைத்திருந்தேன், இன்னும் கொஞ்ச நாளில் அம்மாவும் விழுவாள், அப்போது நான் தூக்க வேண்டும், ஒன்று, ரெண்டு. அம்மா விழவில்லை. ஓய்வு பெற்றாள், விழவில்லை. எழுபது. கண்ணில் புரை எடுத்துவிட்டு மறுநாளே ரசம் வைத்தாள். எண்பதில் ஸ்டூல் போட்டு ஏறி மின்விசிறி துடைத்தாள், நான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன், அதுதான் நான் அவளுக்குச் செய்த பெரிய ஒத்தாசை. கிருபாகரன் இரண்டு வருஷம் பார்த்துவிட்டு வேறு இடத்தில் கட்டினார், இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கும். அம்மா என்னை இரு என்று சொன்னாளா? இல்லை. போ என்றுதான் சொன்னாள், சமையலறையில் மீன் அலசிக்கொண்டே, "எனக்கு என்ன கேடு, நீ போ," என்றாள். அந்தப் "போ" எனக்குப் பிடிக்கவில்லை. நான் இல்லாமலும் இவள் இருந்துவிடுவாள் என்பது பிடிக்கவில்லையோ? இல்லை, எனக்கே பயமோ, ஒரு புது மனுஷன் வீட்டில் போய் என் முழங்கால் ஒருநாள் அப்பாவுடைய முழங்காலாக மாறி, அவன் வந்து அக்குளில் கை கொடுத்து. இது இப்போது தோன்றுவதா, அப்போதே இருந்ததா, யாருக்குத் தெரியும். வராத முதுமைக்குக் காவல் இருந்தேன். அது வந்தது, வாசல்படியில் உட்கார்ந்திருந்த காவல்காரி மேலேயே வந்தது.

"இப்ப நாற்காலியில இருந்து எந்திரிக்கணும் ஆச்சி. கைய நெஞ்சுல கட்டிக்கோங்க, எதையும் பிடிக்கக் கூடாது. நான் சொல்லச் சொல்ல எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருங்க." கேட்டதும் என் உடம்பு விறைக்கிறது, பள்ளிக்கூடத்தில் டிரில் விசில் கேட்டதுபோல. "எந்திரிங்க." நான் எழும்புகிறேன். தொடை நடுங்குகிறது, எழும்பவில்லை. "உக்காருங்க." உட்கார்ந்துதான் இருக்கிறேன். "எந்திரிங்க." வெளியே நாற்காலியின் மூச்சு லேசாக, அம்மா எழுந்துவிட்டாள். இங்கே பாதம் தரையில் அழுந்தி வெளுக்கிறது, அவ்வளவுதான். "உக்காருங்க. எந்திரிங்க." பல்லைக் கடிக்கிறேன். ஏசுவே. ஒரு கை அளவு, ஒரு கை அளவுக்கும் மேலே, இதோ, இதோ, ஸ்டூல் கிறீச். "உக்காருங்க." கேட்டதா? கேட்டிருக்கும். அப்புறம் அவள், "எந்திரிங்க ஆச்சி," என்கிறாள், அம்மா எழுந்த சத்தம் வரவில்லை. "என்ன ஆச்சி, முடியலையா?" "முடியுது, முடியுது. தண்ணி நின்னுட்டு, அதான் பாத்தேன்." தண்ணீர் நின்றுவிட்டது. ஆமாம், எவ்வளவு நேரமாயிற்று நின்று. குளிக்கிறவள் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வரவில்லை என்பதை நான் மறந்தே போனேன். செம்பை எடுத்து வாளியில் மொண்டு ஊற்ற வேண்டும், சளசளவென்று சத்தம் கேட்க வேண்டும், வாளி மூலையில் இருக்கிறது. என் கண்ணில் தண்ணீர் வருகிறது, அது சத்தம் போடாது.

"மக வருவாங்களா ஆச்சி? அவங்களுக்கும் பாக்கணும்." "குளிச்சிட்டு இருக்கா. அவ குளிச்சா நேரம் ஆகும்." அம்மாவின் குரல் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, வார்டில் பக்கத்துப் படுக்கைக்குக் கேட்கக் கூடாததைச் சொல்கிற குரல். நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். காதில் மாட்டியிருந்த காலத்தில் இரண்டு பேர் பேசுவதைக் கேட்கக் கூடாது என்பது சட்டம், லைன் கொடுத்ததும் விலகிவிட வேண்டும், நான் விலகியவள்தான், ஆனால் இப்போது எங்கே விலகுவேன். "உங்கள யாரு பாத்துக்கிடுதா ஆச்சி?" "எம்மகதான்." இதைச் சொல்ல அம்மா யோசிக்கவேயில்லை. "அவ இருக்கப் போய்த்தான் நான் இருக்கேன்." இதென்ன பேச்சு. வந்தவள் முன்னால் பெருமைக்குச் சொல்வதா? அப்புறம் அம்மா கேட்கிறாள், "ஏம்மா, கிட்னி குடுக்காவள்லா, ரத்தம் குடுக்கோம், கண்ணு குடுக்கோம். இந்தத் திடம்னு சொன்னியே, அது எங்கிட்ட இருந்து எடுத்து இன்னொருத்தருக்கு வைக்க முடியுமா?" "அதெல்லாம் முடியாது ஆச்சி." "இப்ப முடியாதுன்னா சொல்லுத, எப்பவுமேவா?" அந்தப் பெண் சிரிக்கிறாள், சிரிப்பு பாதியில் நிற்கிறது. "யாருக்கு ஆச்சி?" "எம்மகளுக்கு. அவ அப்பா மாதிரி ஆயிட்டு வாரா. ரெண்டு மூணு வருஷமா பாக்கேன். நான் நர்ஸ்ல்லா, தெரியாம இருக்குமா? மெலிஞ்சிட்டா. நடக்கையில நின்னு நின்னு பூவக் காட்டுதா. நான் கண்டுக்கிடாத மாதிரி இருக்கேன். சொல்லிட்டா உடைஞ்சிருவா, அவ அப்பா மாதிரியே ரோசக்காரி." அப்புறம் சொல்கிறாள், "எல்லாரும் என்ன ஆச்சி ரகசியம், எப்படி இப்படி இருக்கியன்னு கேக்காவ. என்ன ரகசியம்? எனக்கும் அலுத்துட்டும்மா. காலையில கண்ணு முழிச்சா, இன்னும் போகலையான்னுதான் இருக்கு. நான் போயிட்டா இவள யாரு தூக்குவா? அந்த ஒரு பயத்துலதான் தினமும் எந்திரிக்கேன்."

சுவரில் கை வைத்துக்கொள்கிறேன். ஓடு சில்லென்று இருக்கிறது. நான் இவளுக்காக இருந்தேன், இவள் எனக்காக இருந்துகொண்டிருக்கிறாள், இரண்டு பேரும் ஒருவர் கழுத்தில் ஒருவர் கை போட்டு ஒரே கிணற்றுக்குள் நின்றுகொண்டு, மேலே போ, நீ போ, நீ முதலில் போ. அம்மாவுக்கு அலுத்துவிட்டதா? எந்த நாள் அலுத்தது, நான் எங்கே போயிருந்தேன்? கோபம் வருகிறது, என்மேல் இல்லை, அம்மாமேல், தெரிந்துகொண்டே போத்தலைத் திருகிக் கொடுத்தாளே, தெரிந்துகொண்டே செம்பருத்தியைப் பார்த்தாளே, ஒரு வார்த்தை, ஏட்டி உனக்கு முடியலையா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன்தான், உடைந்து என்ன, உடைந்துவிட்டுப் போயிருப்பேன். செருப்புச் சத்தம் வருகிறது. அம்மா நடந்து வருகிறாள், கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள், அவள் மூச்சுக்கூட எனக்குக் கேட்கிறது. தட்டவில்லை. "ஹெப்சி." மறுபடியும், "ஏ பிள்ள, ஹெப்சிபா. குளிச்சாச்சா?" ஆச்சும்மா, இதோ வாரேன், என்று சொல்ல வாய் திறக்கிறேன். இத்தனை வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய், அது பாட்டுக்குச் சொல்லிவிடும். "முடியலம்மா," என்கிறது. யார் சொன்னது? "எந்திரிக்க முடியல. கால் வரல." சொன்ன பிறகு ஒன்றும் ஆகவில்லை. கூரை விழவில்லை. அந்தப் பக்கம் அம்மா, "சரி," என்கிறாள், "சரி, சரி. விழலல்லா?" "விழல." "அப்ப சரி."

நஸ்ரினும் வந்துவிட்டாள். "ஆன்ட்டி, பயப்படாதீங்க. கதவ உடைக்க வேண்டாம். ஸ்டூல்ல இருந்து மெல்லத் தரையில இறங்கிருங்க. ஒரு பக்கமாச் சாஞ்சு, கைய ஊணி." இறங்கினால் எழும்ப மாட்டேனே என்கிறேன். "எந்திரிக்க வேண்டாம். கதவு வரைக்கும் வந்தாப் போதும். மீதிய நாங்க பாத்துக்கிடுதோம்." மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சாய்கிறேன். கை ஊன்றுகிறது, முழங்கை மடங்கிவிடுமோ, மடங்கவில்லை, இடுப்பு தரையைத் தொட்டுவிட்டது. துண்டு அவிழ்ந்து கிடக்கிறது, கிடக்கட்டும். முழங்காலை ஊன்றி, கையை ஊன்றி, ஈரத்தில் போகிறேன், தலைமுடியிலிருந்து தண்ணீர் முன்னால் சொட்டிக்கொண்டே வருகிறது, அறுபத்தாறு வயதில் நாலுகாலில். இது இவ்வளவு சின்ன அறை என்பதை மறந்துபோனேன், நான்கைந்து தடவை கை மாற்றி வைத்ததும் நெற்றி கதவில் முட்டிவிட்டது. முழங்காலில் நின்று, கையை உயர்த்தித் தாழ்ப்பாளைப் பிடித்து இழுக்கிறேன். நகரவில்லை. அதுவும் அப்பாவின் விரல்தானே. "ரெண்டு கையாலயும் ஆன்ட்டி." இரண்டு கையாலும். உடம்பு முழுவதும் அதில் தொங்குகிறது. டக்கென்று விட்டது. கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது, வெளிச்சம், அம்மாவின் பாதங்கள்.

அம்மா உள்ளே வந்து எனக்கு முன்னால் குனிந்தாள். நஸ்ரின் வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று, நைட்டியைக் கையை மட்டும் நீட்டித் தந்தாள். அம்மா அதை என் தலைவழியே மாட்டிவிட்டாள், ஒரு சுருக்கம் விடாமல் இழுத்துவிட்டாள், அப்புறம் நர்ஸின் கைகள் என் அக்குளை நோக்கி வந்தன. "தூக்காதீங்கம்மா," என்றேன். அவள் கைகள் அந்தரத்தில் நின்றன. "சும்மா நில்லுங்க. நான் உங்களப் பிடிச்சு எந்திரிக்கேன்." அம்மா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தை இவ்வளவு கீழேயிருந்து பார்த்துப் பல காலம் ஆயிற்று, தாடைக்கு அடியில் தோல் கதவுத் திரைபோலத் தொங்குகிறது, எப்போது வந்தது இதெல்லாம். நிலைப்படியில் ஒரு கை வைத்து ஊன்றிக்கொண்டு நின்றாள். "ஆன்ட்டி, ஒரு காலை முன்னால ஊணுங்க," என்றாள் நஸ்ரின், முகத்தைத் திருப்பாமலே, "மூக்கு முட்டிக்கு முன்னால வார வரைக்கும் குனிங்க, பொறவு எந்திரிங்க." அம்மாவின் இடுப்புச் சேலையைப் பிடித்தேன், அப்புறம் கை, அப்புறம் தோள். சேதி போய்ச் சேர்ந்ததோ, வேறு வழியாகப் போயிற்றோ, ஏறிக்கொண்டே வந்தேன், முழங்கால் நடுங்கியது, முழுவதும் நடுங்கியது, ஆனால் நின்றுவிட்டேன். என் தலை அம்மாவின் தலைக்கு மேலே வந்துவிட்டது. நான் அவளை விட உயரம், அது ஞாபகமே இல்லை. அப்போதுதான் தெரிந்தது, நடுக்கம் என்னிடமிருந்து மட்டும் வரவில்லை. அம்மாவின் தோள் என் உள்ளங்கைக்குள் கோழிக்குஞ்சுபோல உதறிக்கொண்டிருந்தது. "நடுங்குதீங்கம்மா." "நீதான் நடுங்குத," என்றாள். இரண்டு பேரும் ஒட்டி நின்றோம், எதிலிருந்து எது வருகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இப்போது நான் கையை எடுத்தால் அவள் விழுவாளா, அவள் எடுத்தால் நான் விழுவேனா. நஸ்ரின் நாற்காலியை இழுத்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. "விடட்டுமா?" என்று கேட்டாள் அம்மா.

"வேண்டாம்," என்றேன்.